கழுவ வேண்டாம் என்று சொன்னவள்

செத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு ஊசி போதும். கொசுப்புழு தண்ணீருக்கு அடியில் கிடக்கும். மழுங்கிய ஊசிமுனையால் அதன் கழுத்துப் பக்கம் மெல்லத் தொட வேண்டும். உயிருள்ளது என்றால் உடம்பை வளைத்துத் துள்ளி மேலே வந்து, வாலில் இருக்கும் மூச்சுக்குழாயை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். செத்தது அசையாது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு ரகம் உண்டு. தொட்டால் லேசாக நெளியும், ஆனால் மேலே வரத் தெம்பிருக்காது. அதையும் செத்ததோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது விதி. மேலே வர முடியாதது மூச்சுவிட முடியாது, எப்படியும் சாகப்போவதுதானே என்பது அதன் நியாயம். பத்தொன்பது வருஷமாக அவள் அந்த விதிப்படிதான் எண்ணி வந்தாள்.

ஆய்வகத்தில் அவளுக்குப் புழுக்கா என்று பெயர். புழு அக்கா என்று யாரோ கிண்டலாகத் தொடங்கியது, தேய்ந்து புழுக்காவாகி, வாசல் காவலாளி முதல் கணக்குப் பிரிவு வரை அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "பாம்புப் பண்ணையில வேலைக்குப் போயிருந்தா என்ன பேர் வெச்சிருப்பாங்களோ, தப்பிச்சேன்" என்பாள்.

இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது அவளுடைய அறை. எப்போதும் வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கும். உள்ளே நுழைகிறவர்களின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். சுவரோரம் வெள்ளைத் தட்டுகளில் புழுக்கள். அவற்றுக்கு நாய் பிஸ்கட்டையும் ஈஸ்ட்டையும் பொடித்துத் தூவ வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் அதை இரண்டு நாள் வாளியில் திறந்து வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மொத்தமும் செத்து மிதக்கும். "கொல்றதுக்காகத்தான் இவ்வளவு பாசமா வளர்க்கறே" என்று தங்கையின் புருஷன் கேலி செய்வார்.

சோதனைக்கு உள்ளானது உண்ணிச்செடி. வேலியோரம், தண்டவாளத்தோரம், குப்பைமேடு என்று யாரும் கேட்காமலே வளரும் செடி. அதன் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து வடித்து, ஆவியாக்கினால் கருப்பச்சையாகத் தார் மாதிரி ஒரு சாறு மிஞ்சும். அதில் சில துளிகள் கோப்பைத் தண்ணீரில் கலந்து, கோப்பைக்கு இருபத்தைந்து புழு விட்டு, வலைத்துணி கட்டி, மறுநாள் அதே நேரத்தில் எண்ண வேண்டும். எண்ணியதும் கோப்பைகளில் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும், ஒரு கொசு கூட வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. மேடம் நான்கு வருஷமாக இந்தச் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேடம் என்றால் அந்தத் துறையின் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். மதியச் சாப்பாட்டைப் புழுக்காவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். கோப்பைக்கு இருபத்தைந்தும் செத்துக் கிடந்த அன்று, சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்துவந்து பார்த்தார்.

அடுத்த கட்டம் வீடுகளில். பன்னிரண்டு வீடுகள் வேண்டும். துணி துவைக்கவும் கழுவவும் மட்டும் தண்ணீர் பிடித்துவைக்கிற டிரம் வீட்டுக்கு ஒன்று. அதில் சாற்றை ஊற்றிவிட்டு மறுநாள் ஒரு முறையும், பதினைந்தாம் நாள் ஒரு முறையும் பார்ப்பது. இடையில் வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிரம்மைக் காலி செய்யக் கூடாது, உள்சுவரைத் தேய்க்கக் கூடாது. இந்தக் கொசு தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில்தான் முட்டையை ஒட்டும். தேய்த்தால் முட்டையும் போய்விடும், பிறகு கொன்றது செடியா பிரஷ்ஷா என்று சொல்ல முடியாது. "ஆய்வில் உள்ளது. கழுவ வேண்டாம்" என்று அட்டை அச்சடித்து, டிரம்மின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள்.

பதினோரு வீடுகள் கிடைத்தன. பன்னிரண்டாவதுக்கு ஆள் சிக்கவில்லை. புழுக்கா தன் தங்கையின் பெயரைக் கொடுத்தாள்.

தங்கை அவளைவிட ஐந்து வயது இளையவள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், புழுக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கைக்குக் குழந்தை இல்லை. தங்கையின் புருஷன் தையல்காரர். முன்னறையில் வெட்டும் மேசை, பின்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மெஷின். ஜன்னலுக்கு நேர் வெளியே, கொல்லையில், நீல டிரம்.

சாறு ஊற்றப் போன அன்று அவர் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே வரவேற்றார்.

"வாங்க டாக்டரம்மா. நோயாளி பின்னால இருக்கு. நல்ல தடிச்ச உடம்பு, நீலம் பாரிச்சுப் போயிருக்கு, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்குது."

"நீங்க முதல்ல உங்க வாயை மூடுங்க தம்பி, கொசு உள்ள போயிடப் போகுது."

"போனா போகட்டும். வெளியில கடிக்கிறதுக்கு உள்ள போறது பரவாயில்லை. இங்க பாருங்க" என்று பெடலில் இருந்து காலைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலைச் சுற்றித் தடிப்புகள். "கையில துணி, கால்ல பெடல். எங்கேருந்து அடிக்கிறது? அதுங்களுக்கும் அது தெரியும். மேல் பாதி வாடிக்கையாளருக்கு, கீழ்ப் பாதி கொசுவுக்குன்னு பிரிச்சுக் கொடுத்துட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்ணு. எல்லாம் செத்துட்டா உங்களுக்கு வேலை இருக்காதே. ஊர்ல எல்லாருக்கும் ஒரே அளவு உடம்பாயிட்டா என் கதி என்ன, அந்த மாதிரி."

தங்கைதான் இழுத்தாள். "கழுவாம எப்படிக்கா? ஞாயித்துக்கிழமையானா என் கை சும்மா இருக்காது."

அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியதே புழுக்காதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், முட்டை எங்கே ஒட்டியிருக்கும், எந்த இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியிருந்தாள். பதினோரு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்தவளிடம், "ரெண்டு வாரம்தானே. தொடாதே" என்றாள்.

மறுநாள் போய்க் கரண்டியால் மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று புழு. எல்லாம் அடியில் கிடந்தன. ஊசியால் தொட்டதில் பத்துப் பதினைந்து லேசாக நெளிந்தன. மேலே எதுவும் வரவில்லை. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று என்று எழுதினாள். தண்ணீரின் அளவு மாறக் கூடாது என்பதால், எழுதி முடித்த புழுக்களைத் தண்ணீரோடு அப்படியே டிரம்மில் திரும்ப ஊற்றினாள். அதுவும் விதிதான்.

பதினைந்தாம் நாள் மொண்டு பார்த்தபோது ஒரு புழுகூட இல்லை. ஓரத்தில் மட்டும் வெளிறிய உமி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாறு உலர்ந்தால் அப்படி ஆடை கட்டும் என்று அவளுக்குத் தெரியும். விரலால் வழித்து விட்டுவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினாள். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அதே. மேடத்தால் உட்கார முடியவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் நீட்டிப் பார்க்கலாம். ஒரு மாசம் தாங்குதுன்னு காட்ட முடிஞ்சா எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!"

தங்கையிடம் அதைச் சொல்லப் போனபோது அவள் முகம் சுருங்கியது.

"அடியெல்லாம் வழவழன்னு இருக்குக்கா. அவர் காலைப் பாரேன், முன்னைக்கு இப்ப அதிகமாத்தான் இருக்கு."

"அது பக்கத்து வீட்டுக் கொசுவா இருக்கும். உன் டிரம்மில ஒண்ணும் இல்ல, நானே பார்த்தேன்."

"நீ சொன்னா சரி" என்றாள் தங்கை.

பத்தொன்பதாம் நாள் தையல்காரருக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துவது போல வலி என்றார். மூட்டுகளை யாரோ பிரித்துப் பிரித்து வைத்தது போல இருக்கிறது, தையல் பிரித்த சட்டை மாதிரி ஆகிவிட்டேன் என்று அப்போதும் சிரித்தார். தங்கை பக்கத்து கிளினிக்கில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை நாற்பது உருப்படி பாக்கியிருந்தது. அவர் மெஷினில் போய் உட்கார்ந்தார், அவள் தடுக்கவில்லை. மறுநாள் மதியம் மெஷின்மீதே சாய்ந்துவிட்டார். கைகால் ஜில்லிட்டிருந்தது.

அந்த நேரம் புழுக்கா ஆய்வகத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். புதிதாக வடித்த சாற்றின் வீரியம் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வைத்த நான்கு கோப்பைகள். நான்காவதில் இருபத்தைந்து என்று எழுதும்போது போன் அடித்தது.

"காய்ச்சல் நேத்தே விட்டுடுச்சுக்கா" என்றாள் தங்கை. அதையே மூன்று முறை சொன்னாள்.

பேனாவை மூடக்கூட நேரமில்லை. புழுக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், அப்போதுதான் ரத்தக்குழாய் கசியத் தொடங்கும் என்று பயிற்சி மருத்துவர் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். பிறகு எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் நிற்கவில்லை. இரண்டாம் நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் போய்விட்டார். தையல்காரரின் விரல்களில் ஊசி குத்தின பழைய தழும்புகள் எல்லாம் கருநீலமாகியிருந்தன.

அவர் மருத்துவமனையில் இருந்த முதல் நாளே சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். டிரம்மைத் தெருவுக்கு உருட்டிவரச் செய்து, எல்லாருக்கும் தெரியும்படி சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் ஓடி வடிந்த இடத்தில் புழுக்கள் துடித்தன. அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னத்த ஆய்வோ" என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவில் ஆய்வில் இருந்தது அந்த ஒரு வீடுதான். மற்றவை வேறு வேறு தெருக்களில் இருந்தன. அக்கம்பக்கத்தார் பார்த்தது அட்டையை அல்ல, புழுவைத்தான். வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய தையல்காரரின் அம்மாவும் பார்த்தார்.

"நான் பிள்ளை வளர்த்துக் கொடுத்தேன். இவ கொசு வளர்த்திருக்கா" என்றார் அந்த அம்மா.

சவம் எடுத்த பிறகும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். தங்கை ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. "அக்காதான் கழுவ வேண்டாம்னு சொன்னா" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரும், வரட்டும் என்று புழுக்கா காத்திருந்தாள். அது வரவில்லை. புழுக்காவும் பேசவில்லை. சாவு வீட்டில் பேச்சு வளரக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினைந்தாம் நாள் வரை பூஜ்யம், அதற்குப் பிறகு சாற்றின் வீரியம் இறங்கியிருக்கும், புதிதாக வந்த புழுவாக இருக்கும், அவருக்கு வேறெங்கோ கடித்திருக்கும். இப்படி அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டதில் ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள்.

அறையில் ஆளில்லாததால் தட்டுகளை யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். எண்ணும் மேசையை மட்டும் தொடவில்லை. பேனா திறந்தபடி காய்ந்து கிடந்தது. குறிப்பேட்டில் நான்கு வரிகள், நான்கிலும் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பக்கத்தில் வலைத்துணி கட்டிய நான்கு கோப்பைகள். அன்று அவள் கொதிநீர் ஊற்றவில்லை.

வலையின் அடிப்பக்கத்தில் கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. கால்களில் வெள்ளை வரி போட்ட, அவளுக்கு நன்றாகப் பழக்கமான கொசுக்கள். விரலால் தட்டியதும் கிளம்பி வலையில் முட்டின. சில சோர்ந்து தண்ணீரில் விழுந்து கிடந்தன.

நின்றுகொண்டே எண்ணத் தொடங்கினாள். பறப்பவை, விழுந்தவை, இன்னும் கூட்டுப்புழுவாகத் தொங்குபவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் எண்ணினாள். நூற்றில் அறுபத்தொன்று. அறுபத்தொன்று எழுந்திருந்தன. நீர்மட்டத்து ஓரத்தில் வெளிறிய உமி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்ததை ஊசியால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். கூட்டுப்புழு உரித்துப் போட்ட தோல். தங்கை வீட்டு டிரம்மில் பதினைந்தாம் நாள் விரலால் வழித்தது இதைத்தான். டிரம்மில் புழு இல்லாமல் போனது செத்ததால் அல்ல, பறந்துவிட்டதால்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேடம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆவி மறுபடி மறுபடி படிந்தது.

"மயங்கித்தான் கிடந்திருக்கு" என்றார் கடைசியில்.

"நாம ஒரு தடவையும் எண்ணினதுக்கு மறுநாள் பார்த்ததே இல்ல மேடம். எண்ணின உடனே கொதிநீர் ஊத்திடுவேன். சாகாததை எல்லாம் அப்பத்தான் கொன்னிருக்கேன்."

"விதி அப்படித்தான் சொல்லுது. நீங்க தப்பு பண்ணல."

"தெரியும் மேடம்."

"நாலு வருஷம்" என்றார் மேடம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று, "மத்த பதினோரு வீடு?"

"இன்னும் கழுவாமத்தான் இருக்கும். நான் லீவுல போனதால கடைசிப் பார்வை நடக்கல. நாமதானே கழுவாதீங்கன்னு சொன்னோம்."

"உடனே போன் பண்ணிடலாம்."

"நான் நேர்ல போறேன்."

மேடம் கதவு வரை கூட வந்தார். "உங்க தங்கச்சிகிட்ட இதைச் சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. அவரைக் கடிச்சது அந்த டிரம்முல வந்த கொசுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆறுதலுக்காகச் சொல்லல, நிஜமாவே முடியாது."

"ஆமா மேடம். இல்லைன்னும் சொல்ல முடியாது."

வழியில் ஒரு கடையில் நல்ல தடித்த பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டாள். முதல் வீட்டுக்காரர், "மருந்து முடிஞ்சுதா? பிரமாதமா இருந்துச்சே, கொசுவே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே புறங்கையில் ஒன்றை அடித்தார். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு நிம்மதி. "அப்பாடா, கழுவலாமா? ஒரு மாசமா கண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த ஆராய்ச்சி எங்க வீட்டுக்காரருக்குத்தான் ரொம்பப் பிடிச்சுது. டிரம்மைக் கழுவுன்னு நான் சொல்லும்போதெல்லாம் அறிவியலுக்கு இடைஞ்சல் பண்ணாதேன்னு அட்டையைக் காட்டுவார்." நான்காவது வீட்டில் கரண்டியே வேண்டியிருக்கவில்லை, எட்டிப் பார்த்தாலே புழுக்கள் தெரிந்தன. புழுக்கா ஒவ்வொரு வீட்டிலும் டிரம்மைச் சாய்க்கக் கைகொடுத்து, தண்ணீர் மட்டம் இருந்த கோட்டைத் தானே தேய்த்துவிட்டு, அட்டையை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டாள். யாருக்கும் இல்லை. மருந்து பலித்ததா என்று கேட்டவர்களிடம் இல்லை என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தங்கை வீட்டுக்கு வரும்போது மணி நாலரை. அங்கே கழுவ ஒன்றுமில்லை. டிரம்மை ஆய்வாளரே கவிழ்த்துவிட்டார்.

முன்னறையில் வெட்டும் மேசையை ஒட்டி மாமியார் உட்கார்ந்திருந்தார். துக்கம் விசாரிக்கத் தாமதமாக வந்த ஒரு பெண்மணி எதிரில் இருந்தாள். மேசையின் மறுபக்கம் தங்கை நின்றுகொண்டு, பாதி தைத்த துணிகளை உரியவர்களின் சீட்டைப் பார்த்துத் தனித்தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்கு ஒரு கை மட்டும் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"பச்சைத் தண்ணி டிரம்மு, அதைக் கழுவ உடம்பு வணங்கல" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு மாசம்! ஒரு மாசம் கை நோகாம உட்கார்ந்திருந்தா. தெருவே பார்த்துச்சு, புழு நெளிஞ்சதை."

"அத்தை" என்றாள் புழுக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல். "அவளா கழுவாம விடல. நான்தான் கழுவ விடல."

மாமியார் திரும்பிப் பார்த்தார். தங்கையின் கை துணிமேல் நின்றுவிட்டது.

"அக்கா, வேண்டாம்" என்றாள்.

புழுக்கா சொன்னாள். நின்றபடியே, ஆய்வகத்தில் மேடத்திடம் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள். சாறு ஊற்றியது, அட்டை கட்டியது, நாற்பத்து மூன்று என்று எழுதியது, எழுதியதைத் திரும்ப ஊற்றியது, தோலைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டது, இரண்டாவது தடவையும் கழுவாதே என்றது, இன்று காலை கோப்பையில் பார்த்தது. அந்தக் கொசுதான் கடித்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதையும் சொன்னாள். சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

துக்கம் விசாரிக்க வந்தவள் மெல்ல எழுந்து, "அப்ப நான் வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

மாமியாருக்கு எல்லாம் விளங்கியதா என்று தெரியவில்லை. கடைசியில் மருமகள் பக்கமே திரும்பினார். "அவ ஆயிரம் சொல்லட்டும். உன் புத்தி எங்கடி போச்சு?" குரலில் பழைய வேகம் இல்லை. மேசைக் காலைப் பிடித்து எழுந்து, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

தங்கை பின்னறைக்குப் போனாள். புழுக்கா பின்னால் போனாள். மெஷினில் ஒரு சீருடைச் சட்டை, ஊசி இறங்கியபடியே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"எதுக்குச் சொன்னே?" என்றாள் தங்கை.

"உன்னை அப்படிப் பேசும்போது..."

"அவங்க பேசறது எனக்குப் பெரிசா இல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, யாரையாவது திட்டித்தானே ஆகணும். நான் பக்கத்துல இருக்கேன், திட்டுறாங்க. எனக்குன்னு வேற உறுத்தல் இருந்துச்சு. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நான்தானே அவரை இதுல உட்கார விட்டேன். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா? அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். இவங்க ஊருக்குப் போகட்டும், அப்புறம் உன்கிட்ட வந்து ஒரு நாள் பூரா அழணும்னு இருந்தேன்."

தங்கை மெஷினில் இருந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"பதினெட்டாம் நாள் பிரஷ்ஷை எடுத்துட்டுப் போனேன், தெரியுமா? தாங்கல எனக்கு. அவர்தான் ஜன்னல் வழியா கையை நீட்டிப் பிடுங்கிக்கிட்டார். உங்கக்கா எண்ணிக்கிட்டிருக்காங்க, நடுவுல பூந்து கெடுத்துடாதேன்னார். அவ்வளவு மரியாதை அவருக்கு, உன் வேலை மேல. கேலி பண்றதெல்லாம் சும்மா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். டிரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பாசித் தடம் மட்டும் இருந்தது. "நூத்துக்கு எத்தனைன்னு சொன்னே?"

"அறுபத்தொண்ணு."

"முதல்லயே ஒரு ரெண்டு நாள் விட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"பார்க்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணல" என்றாள் புழுக்கா. விதி என்ற சொல் வாய் வரை வந்தது. அதை விழுங்கினாள்.

தங்கை தலையை ஆட்டிக்கொண்டாள், ஒரு கணக்குச் சரிதான் என்பது போல. கோபம் வரும் என்று புழுக்கா எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். தங்கை சத்தமே போடவில்லை.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நீயாவது இருந்திருப்பே" என்றாள். "இனிமே நான் யார்கிட்டக்கா போய் அழறது?"

புழுக்கா கையை நீட்டினாள். தங்கை விலகவில்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் அது அவள் தோளில் இருந்தது, பிறகு புழுக்காவே எடுத்துக்கொண்டாள்.

முன்னறையில் யாரோ குரல் கொடுத்தார்கள், தைக்கக் கொடுத்த துணியை வாங்கிப்போக வந்தவர். தங்கை முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இதோ வரேன்" என்று போனாள். சீட்டைக் கேட்டு வாங்கியதும், மூட்டையைத் தேடியதும், முடிக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டதும், வந்தவர் பரவாயில்லைம்மா என்றதும் பின்னறைக்குக் கேட்டன. இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதே வார்த்தைகள். தங்கை பின்னறைக்குத் திரும்பி வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. புழுக்கா மெஷினுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் துணி மடிக்கிற ஓசை நின்று நின்று கேட்டுக்கொண்டிருந்தது.